மருந்து கேட்கிறது

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு எனக்கு இருப்பது நாற்பது வயது கடந்துதான் தெரிந்தது. இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் தருவது இரண்டு மருந்துகள். மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்ட அன்றே வேலைசெய்யும். அட்டமாக்செட்டினின் பலன் தெரிய வாரங்கள் ஆகும். அளவைக் கூட்டியும் குறைத்தும், பசி, தூக்கம், நெஞ்சுத்துடிப்பைக் கவனித்தும்தான் ஏற்றதைக் கண்டடைய முடியும்.

ஏற்றது என்று யார் சொல்வது?

"இப்பம் பால் பொங்கிப் போவல்லியே, மருந்து கேக்கு" என்றார்கள் நாகர்கோவிலில் என் வீட்டார். அந்த வாரம் எனக்குப் பசியில்லை, உறக்கமில்லை, ஒரு வரி எழுதவும் முடியவில்லை.

1944இல் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கிய லியாண்ட்ரோ பானிசோனின் மனைவி ரீட்டா அதை உட்கொண்டு பார்த்தவர். அவர் பெயரால்தான் அது ரிட்டலின் ஆனது. பெண் பெயர் கொண்ட அம்மருந்து பின்னர் துறுதுறுப்பான பையன்களுக்கானதாகவே அறியப்பட்டது. ஓடியாடாமல் உள்ளுக்குள் சிதறிய பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த பெயர் 'பொறுப்பில்லாதவள்'.

பொறுப்பை அடுப்படியால் அளக்கும் வீடு மருந்தையும் அதே கோலால் அளக்கிறது. வீட்டார் கவனித்துச் சொல்வது மருத்துவருக்கு உதவும். ஆனால் அது சாட்சியம் மட்டுமே. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை பக்கம் வாசித்தேன், எப்போது உறங்கினேன் என்று நான் குறித்துவைத்ததைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவைக் குறைத்தார். மருந்து கேட்கிறதா என்பதை முதலில் அவளிடம் கேட்க வேண்டும். அந்த உடலில் வாழ்பவள் அவள்தானே.