நந்தி கல்யாணமும் நைட் டியூட்டியும்

கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் சாமி வைத்தியநாதர். ஆனால் பங்குனியில் ஊர் கூடுவது நந்தி கல்யாணத்துக்கு. அதைப் பார்த்தால் கல்யாணம் முந்தி நடக்கும் என்பார்கள். மருத்துவ மாணவர்களிடம் அந்த வாக்கு எளிதில் பலிப்பதில்லை. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு மூன்று, நடுவே நீட் பிஜி, முப்பது நெருங்கிவிடும். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின், இந்தக் கணக்கு இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் தெரியும்.

மனசு அதுவரை காத்திருக்குமா? கேஷுவாலிட்டி டியூட்டியில் ஒன்றாகக் கண்விழித்தவர்களுக்குள் ஈர்ப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். கனடாவின் கப்பிலானோ தொங்கு பாலத்தில் டட்டன், ஆரன் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1974இல் வெளியானது. ஆடும் பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாக அவளுக்குப் பின்னர் ஃபோன் செய்தார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஆசை என்று எண்ணிவிட்டார்களாம். டியூட்டி இரவும் அப்படியொரு பாலம்தான். ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்த முகம் பிடிக்கிறதா? காதலைச் சொல்வதை அதுவரை தள்ளிப்போடலாம்; பரீட்சையைத்தான் தள்ளிப்போட முடியாது.

காதலைச் சொன்ன பிறகு, கல்யாணத்துக்கு முன் பேசிவிட வேண்டியதும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்னதாகவே நிபந்தனை வைத்தார். டாக்டர் மாப்பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்யாணம்.