பதினாறு வயதில் கரையேறியவர்

1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது அமெரிக்க நீச்சல் வீராங்கனைகள் ஒரு வாசகம் அச்சிட்ட பனியன் அணிந்திருந்தார்கள். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற பழமொழியில் பொன்னை எடுத்துவிட்டு ஒரு சிறுமியின் பெயரைப் போட்டிருந்தார்கள். ஷேன் கூல்ட். ஆஸ்திரேலியா. வயது 15.

பயத்தில் பிறந்த கேலி அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 100 மீட்டர் முதல் 1500 மீட்டர் வரை பெண்கள் ஃப்ரீஸ்டைலின் எல்லா உலக சாதனைகளும் அவரிடம் இருந்தன. ஒரு நிமிடத்துக்குள் முடியும் பாய்ச்சலுக்கு ஒரு வகை உடல் வேண்டும். பதினேழு நிமிடம் மூச்சைப் பங்கிட்டு நீந்துவதற்கு வேறு வகை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வாய்த்திருந்தன. மியூனிக்கில் மூன்று தங்கம், மூன்றிலும் உலக சாதனை. கூடவே ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். பரிசு மேடைக்கு ஒரு பொம்மைக் கங்காருவோடு வந்தார்.

மறு ஆண்டு 1500 மீட்டரை 17 நிமிடத்துக்குள் நீந்திய முதல் பெண் ஆனார். அதே ஆண்டில் விலகியும் விட்டார். அப்போது வயது 16.

‘ஐயோ, வீணாகிவிட்டதே’ என்றுதான் நமக்கு உடனே தோன்றுகிறது. எது வீண்? அமெச்சூர் விதிகள் கோலோச்சிய காலம் அது. நீந்திச் சம்பாதிக்க வழியில்லை. விடியுமுன் குளத்தில் இறங்கியதும் கண் எரிய நீந்தியதும் அந்தப் பிள்ளை. அடுத்த ஒலிம்பிக்குக்குக் கணக்குப் போட்டவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள். திறமையுள்ள குழந்தையை ஊர் கறவை மாடாகத்தான் பார்க்கிறது. பால் வற்றும்வரை கட்டுத்தறி. கொடுத்தது போதும் என்று அந்தக் குழந்தையே சொல்லிவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. (நம் வீட்டுப் பிள்ளை பரதநாட்டிய வகுப்பை நிறுத்தினாலும் இதே கோபம்தான்.) ஒரு குழந்தைக்கு வாய்த்த வரம் தேசத்திடம் வாங்கிய கடன் ஆகாது, தவணை கேட்க யாருக்கும் உரிமையில்லை.

கூல்ட் பதினெட்டு வயதில் திருமணம் செய்துகொண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பக்கம் பண்ணை வாழ்க்கைக்குப் போனார். நான்கு குழந்தைகள். பதக்கம் வாங்கியவரை மண்ணும் மாடும் என்ன கேட்கப் போகின்றன?

தண்ணீரை அவர் வெறுத்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. நடுவயதில் மூத்தோர் போட்டிகளுக்குத் திரும்பி, அங்கும் சாதனைகள் படைத்தார். ஆஸ்திரேலியர்களின் நீச்சல் பண்பாட்டை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பதினாறு வயதில் அவரைத் தொடர்ந்து நீந்தவைத்திருந்தால் இன்னும் இரண்டு பதக்கம் கிடைத்திருக்கலாம். அறுபதைக் கடந்தும் ஆசையோடு நீரில் இறங்கும் ஒரு பெண் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகமே.