மனசாட்சி உறுத்தாதவருக்கும் மருத்துவமா?

1960-களின் பிற்பகுதி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஓக் ரிட்ஜ் என்ற பலத்த காவல் கொண்ட மனநலப் பிரிவில், மருத்துவர் எலியட் பார்க்கர் ஒரு சோதனையில் இறங்கினார். குற்றம் புரிந்தவர்களைச் சிறு அறையொன்றில் நாள்கணக்கில் ஆடையின்றி அடைத்து, ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசவைத்தார். எல்எஸ்டி போதை மருந்தும் தரப்பட்டது. உள்ளே புதைந்த இரக்கம் இப்படி வெளிவரும் என்று நம்பினார்கள்.

வெளிவந்தது வேறு. 1992-இல் வெளியான ஆய்வின்படி, சைக்கோபதி, அதாவது இரக்கமும் குற்றவுணர்வும் மரத்துப்போன ஆளுமைக் கோளாறு, இல்லாதவர்களிடம் வன்முறை குறைந்திருந்தது. சைக்கோபதி உள்ளவர்களோ, வெறும் சிறையில் கிடந்த தம் வகையினரைவிடக் கூடுதலாக வன்முறையில் இறங்கியிருந்தார்கள். பிறர் மனத்தைப் படிக்கக் கற்று, அதையே ஏமாற்றப் பயன்படுத்தினார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்தச் சிகிச்சையைச் சித்திரவதை என்றே பின்னாளில் ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னது.

'இவர்கள் திருந்தவே மாட்டார்கள்' என்ற பேச்சு வலுத்தது. அரசுகளுக்கு வசதியான முடிவு, செலவில்லை பாருங்கள்! ஆனால் தோற்றது ஒரு சிகிச்சை முறை மட்டும்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995-இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம் வேறு வழியில் போனது. சீர்திருத்தப் பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள்தான் இங்கே வருகிறார்கள். தண்டனைக்கு மசியாதவர்கள், பரிசுக்கு மசிகிறார்கள். இன்று ஒழுங்காக நடந்தால் நாளை மிட்டாயோ வீடியோ கேமோ கிடைக்கும். அடித்தாலும் திட்டினாலும் ஊழியர்கள் மறுபடி வந்து பேசுகிறார்கள். விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் கண்காணித்ததில், வழக்கமான இடங்களிலிருந்து வந்த ஒப்பீட்டுக் குழுவினர் 16 பேரைக் கொன்றிருந்தார்கள். மெண்டோட்டா பிள்ளைகள் ஒருவரையும் கொல்லவில்லை. குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் அல்ல என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் 16 என்பது உயிர்க்கணக்கு.

அடிபட்டவரின் குடும்பம் அழுதுகொண்டிருக்க, அடித்தவனுக்கு வீடியோ கேமா? இந்தக் கோபம் நியாயமானது. வருந்தாதவனின் நல்லொழுக்கம் வெறும் நடிப்பு என்பதும் பெருமளவு உண்மையாக இருக்கலாம். இருக்கட்டும். மிட்டாய்க்காகக் கையை அடக்கினாலும் எதிரே நின்றவரின் எலும்பு முறியவில்லையே!

மனம் வருந்தினால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போட்டால், அதற்கான விலையைத் தருபவர் குற்றவாளியல்லர். அடுத்து அடிபடப் போகிறவர். அதனால் சிகிச்சை தரத்தான் வேண்டும். ஆனால் ஓக் ரிட்ஜைப் போல மூடிய கதவுக்குள் அல்ல. நோயாளியின் சம்மதமும் வெளியாரின் கண்காணிப்பும் கட்டாயம். தண்டனைக் காலம் முடிந்ததும் இவர்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான்.