நகத்தின் வேலை

போன வருஷம் மார்ச்சில் ஒரு வல்லூறு எங்கள் பால்கனி ஏசி பெட்டியின் மேல் ஒரு மைனாவை அமுக்கிப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. மைனா இன்னும் கத்திக்கொண்டிருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வல்லூறு பறந்துவிட்டது. மைனா சாவதற்கு இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தை அதற்குக் கொடுத்தது நான்தான்.

இதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலோசிராப்டர் பற்றிப் படிக்கப்போய்த் திரும்பவும் ஞாபகம் வந்தது.

ஜுராசிக் பார்க் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ராப்டர் என்றால் ஆளுயர மிருகம். காலில் அரிவாள் நகம், ஒரே வீச்சில் வயிறு கிழிந்துவிடும். நிஜ வேலோசிராப்டர் வான்கோழி அளவுதான். இறகு வேறு உண்டு. அது பதிந்திருந்த மேடுகளை முன்னங்கை எலும்பில் 2007இல் பார்த்துவிட்டார்கள். நகத்தின் கதையும் மாறியிருக்கிறது. பில் மேனிங் குழுவினர் ஒரு இயந்திரக் காலைச் செய்து இறந்த பன்றியின் உடலில் இறக்கிப் பார்த்தார்கள். கிழியவில்லை, துளைதான் விழுந்தது. 2011இல் டென்வர் ஃபௌலர் குழு இந்தக் கால்களை இன்றைய பருந்து, கழுகுகளின் கால்களோடு ஒப்பிட்டது. அவர்கள் ஊகம் இது: இரையின் மேல் ஏறி, நகத்தால் பிடித்து, உடம்பின் எடையால் அமுக்கி, சமநிலைக்குக் கைகளை அடித்துக்கொண்டே தின்றிருக்கும். இரை சாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அதாவது, என் ஏசி பெட்டி.

கோபி பாலைவனத்தில் 1971இல் போலந்து-மங்கோலியக் குழு தோண்டியெடுத்த புதைபடிவம் ஒன்று உண்டு. வேலோசிராப்டரின் கால் நகம் புரோட்டோசெராடாப்ஸின் கழுத்தருகே. புரோட்டோசெராடாப்ஸின் வாயில் வேலோசிராப்டரின் வலது கை. சுமார் ஏழரைக் கோடி வருஷமாக இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் யார் பக்கம் நிற்பது என்று மனசு தேடுகிறது. பெரும்பாலும் செடி தின்கிறவன் பக்கம்தான் போகிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

"பசிடா, அவ்வளவுதான். கொடுமைங்கறதெல்லாம் மனுஷனுக்குத்தான்" என்றான் நண்பன். பாதி சரி. வேறுமாதிரி செய்திருக்க முடிகிறவனைத்தான் கொடுமைக்காரன் என்று சொல்ல முடியும். ஆனால் குற்றவாளி இல்லை என்பதால் வலியும் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கள் ஆபீஸில் சர்வர் விழுந்தால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். யார் தப்பு என்று கேட்கமாட்டோம். அதற்காக சர்வர் விழவே இல்லை என்று யாரும் எழுதியதில்லை. மைனா கத்தியது நடந்த விஷயம். கோபியில் ஏதோ ஒரு மத்தியானம் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கும், அதுவும் நடந்த விஷயம். அப்போது அங்கே கேட்க ஆள் இல்லை.

பால்கனியில் இருந்தது. வேறுமாதிரி செய்திருக்கக்கூடிய ஒரே உயிர் அங்கே நான். என்னைத் துரத்த வைத்தது இரக்கம்தானா, அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்ற அவசரமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வல்லூறுக்கு எங்கேயாவது கூட்டில் குஞ்சுகள்கூட இருந்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை.

இந்த மார்ச்சிலும் அது வருகிறது. எதிர்வீட்டு டேங்க் மேல் உட்கார்ந்துகொள்கிறது. துடைப்பம் அதே கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.