ஈகையும் ஒப்புரவும்

விழிப்புலன் இழந்தோருக்குத் தொண்டாற்றும் நிறுவனமொன்றுக்கு ஒருவர் நிதி வழங்குவது எந்த உறவின் பெயரால் என்பது பொருளியல் வினாவன்று, அறவியல் வினாவேயாகும். திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த அதிகாரங்களாயினும் வெவ்வேறாக வைக்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. ஈகை வறியவனை நோக்கியது. அங்கே கொடுப்போன் மேலும் பெறுவோன் கீழும் நிற்பர். ஒப்புரவோ ஊரோடு சேர்ந்து வாழ்வோன் ஊருக்குச் செய்யக் கடமைப்பட்டது.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மீளக் குடியேறியோருள் எறிகணையாலும் மிதிவெடியாலும் பார்வையிழந்தோரும் இருந்தனர். இத்தகையோருக்கான நிதி பெரும்பாலும் 'செயற்றிட்டம்' என்ற வடிவிலேயே வருகிறது. செயற்றிட்டத்துக்கு முடிவுத்திகதி உண்டு, பார்வையின்மைக்கு ஏது? வெண்பிரம்பு வாங்கலாம், பிறெயில் தட்டச்சுப்பொறி வாங்கலாம்; அவற்றைப் படம்பிடித்து அறிக்கையிற் சேர்க்கலாம். பிறெயில் கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளமோ மீண்டுவரும் செலவென ஒதுக்கப்படுகிறது. நடுவயதிற் பார்வையிழந்த ஒருவரின் விரல்நுனி ஆறு புள்ளிகளைப் பிரித்தறியவே மாதங்கள் செல்லும். கற்பிப்பாரின்றி அப்பொறி அலுமாரியில் உறங்கும்.

வெளிநாட்டாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் இல்லங்களுக்கு ஒருவேளை உணவளிப்பது நம்மவர் வழக்கம். அது நன்றே, ஆயினும் பிறெயில் தாள் வாங்கிக் கொடுத்து நினைவுநாள் கொண்டாடுவாரைக் காண்பதரிது.

கொடுத்தவர் கணக்குக் கேட்பது பெறுவோரை இழிவுசெய்வதாகுமெனச் சிலர் வாதிப்பர். அதனை நான் ஏற்கேன். பிறர் பொருளைக் கையாள்வோர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும். குறை யாதெனில், அக்கணக்கு மேல்நோக்கி மட்டுமே செல்வதாகும். ஒப்பந்தமும் அறிக்கையும் ஆங்கில அச்செழுத்தில் அமையுமாயின், எவர் பெயராற் பணம் பெறப்பட்டதோ அவரே அதனைப் படிக்க இயலாதவராகிறார்!

வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. உரிமையென ஒப்புக்கொண்டபின் அரசு கடனாளியாகிறது. நன்கொடையாளர் வருகையைக் காட்டி அக்கடனிலிருந்து அது விலக இயலாது. நன்கொடையாளரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். தமக்கு அனுப்பப்படும் ஆண்டறிக்கை பிறெயிலிலும் ஆக்கப்பட்டு, பிறெயில் அறியாதோருக்காக உறுப்பினர் கூட்டத்தில் தமிழில் உரத்து வாசிக்கப்படல் வேண்டுமென நிபந்தனை விதிக்கலாம். அக்கூட்டத்தில் எழும் மறுப்புகளும் அவ்வறிக்கையோடு இணைத்தே அனுப்பப்படல் வேண்டும்.