கோராப் படமும் நான்காம் சீலமும்

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைத் திருத்துதல், பொய்யுரை தவிர்க்கும் நான்காம் சீலத்திற்கு மாறாகுமோ எனக் கோலார் தங்கவயலில் ஓர் இளைஞர் நம்மை வினவினார். வைசாகப் பௌர்ணமியன்று கூடிய நம் மக்களை அவர் படமெடுத்திருந்தார். முகங்களை வெளுப்பாக்கிப் பின்னணியிலிருந்த சயனைடு மேட்டையும் நீக்கியிருந்தார். அழகுக்காகவே செய்ததாகச் சொன்னார்.

கேமரா தானே பக்குவஞ்செய்து சுருக்கித் தரும் படம் ஜேபெக் எனப்படும். பக்குவஞ்செய்யாது தருவது ரா கோப்பு. ஆலையில் உழைத்த நமக்கு இஃது கோராத் துணியாகவே தோன்றுகிறது. வெளுப்பும் சாயமும் காணாது தறியிலிருந்து இறங்கியது. 14 பிட் கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளிநிலைகள் உண்டு; ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 மட்டுமே.

அங்ஙனமாயின் ரா கோப்பே கலப்பற்ற உண்மையோ? அன்று. 1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயரின் முறையையே பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. அதன்படி ஒளியுணர் தகட்டின் புள்ளிகளுள் பாதி பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், எஞ்சிய கால் பங்கு நீலத்தையும் மட்டுமே ஏற்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற இரு நிறங்கள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஊகிக்கப்படுவனவே. எது வெண்மை என்பதும் பின்னரே தீர்மானிக்கப்படுகிறது. 2015இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ரா கோப்பிலிருந்து ஆக்கிய படங்களை அனுப்பலாகாது, கேமரா தந்த ஜேபெக்கையே அனுப்புக எனத் தனக்குப் படமளிக்கும் வெளியாருக்கு அறிவித்தது. அங்கும் பக்குவஞ்செய்யும் கை மாறிற்றேயன்றி ஒழியவில்லை.

ஆகலின் திருத்தமெல்லாம் பொய்யன்று. பகவன் புத்தர் வினையைச் சேதனையில் வைத்தார்; எண்ணத்தையே நோக்குதல் வேண்டும். நிழலில் மறைந்த முகத்தை ஒளியேற்றிக் காட்டுவது, கேமரா வாங்கிய ஒளியை வெளிக்கொணர்வதேயாம். கருமையை வெளுப்பதோ வேறு. பிலிம் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் பதித்த ஷெர்லி அட்டையை அளவுகோலாகக் கொண்டு அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்த்தன. அவ்வளவுகோலைப் பிறர் வைத்தனர். பிறப்பால் இழிவில்லையெனத் தம்மம் ஏற்ற நாம், யார் சொல்லி நம் முகத்தை வெளுக்கிறோம்? நம் முகமும் அப்படத்தில் வெளுத்திருந்தது. கண்டபொழுது மகிழ்ந்தோம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

மேட்டின் செய்தியும் சிறிதன்று. அது தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிமண். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பாட்டன்மார் பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையின் எச்சம் அங்கே நிற்கிறது. தூசு பறக்கும் அசிங்கம் என்றார் இளைஞர். ஆம், தூசுதான், அத்தூசையே அவ்வூரார் சுவாசிக்கின்றனர்.

வெளுத்த துணி மீண்டும் கோராவாகாது. ரா கோப்போ, எத்தனை திருத்தம் செய்யினும் தான் மாறாதிருப்பது. இளைஞர் அதனை மறுபடி திறந்து, நிழலை மட்டும் நீக்கினார். மேடு நின்றது, முகங்கள் தம் நிறத்தில் நின்றன. முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் மட்டும் தமக்கு அந்த வெளுத்த படமே வேண்டுமென்றார். அதனையும் அச்சிட்டுக் கொடுத்தோம். கொடுத்தது முறையோ என இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.