தங்கையின் பாதை

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சொற்பொழிவு முடிந்தபின் ஓர் அம்மையார் தயங்கியபடி வந்து கேட்டார்: "சுவாமிஜி, நான் உழைத்து என் தங்கையைப் படிக்க வைத்தேன். இப்போது அவள் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் பட்ட பாடெல்லாம் வீண்தானா?"

இத்தகைய உழைப்பு கோலார் தங்கவயலுக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கி, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை சென்ற சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தந்தையர் வேலை இழந்தனர். பிள்ளைகள் பலர் விடியுமுன் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர். இந்த அக்காவும் அவ்வாறு சென்றவரே. தங்கையோ பட்டம் பெற்றபின், பெருநகர வேலையை ஏற்காமல் ஊரிலேயே சிறுவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினாள். வருவாய் குறைவு, ஆயினும் அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அக்காவுக்கு அது புரியவில்லை.

அவரது வருத்தத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தங்கை நன்றியுடையவளாக இருக்க வேண்டும்; குடும்பச் சுமையிலும் பங்கேற்க வேண்டும். ஆனால் நன்றி வேறு, கீழ்ப்படிதல் வேறு. அக்கா உண்மையில் தங்கைக்குத் தந்தது எது? தமக்குக் கிடைக்காத ஒன்றை, அதாவது தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தந்தார். தங்கை தேர்ந்தெடுத்தபோதுதான் அந்தக் கொடை நிறைவடைந்தது.

ஒரே வீட்டில் பிறந்தாலும் இயல்பு ஒன்றாக இருப்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மருத்துவத்திலும் சமூகப் பணியிலும் வாழ்வைச் செலவிட்டார். அவருடைய தங்கை நல்லமுத்து ராமமூர்த்தி கல்வித்துறையில் ஈடுபட்டுச் சென்னை ராணி மேரி கல்லூரியின் முதல்வரானார். ஒருவரது நிறைவை மற்றவரது அளவுகோலால் அளக்க முடியுமா? கீதை கூறும் சுவதர்மத்தின் உட்பொருளும் இதுவே: தன் இயல்புக்கு உரிய கடமையில்தான் மனிதன் நிலைபெறுகிறான்.

இதையெல்லாம் அந்த அம்மையாரிடம் கூறிவிட்டு, "உங்களுக்கு எது மகிழ்ச்சி தரும், அம்மா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை" என்றார்.

பிறருக்காக வாழ்வது உயர்ந்ததே. ஆனால் தன் உள்ளத்தை அறியாமல் செய்யும் தியாகம், காலப்போக்கில் பிறர் வாழ்வின்மீது உரிமை கோரத் தொடங்கிவிடும். தங்கைக்குப் பாதை திறந்துவிட்டது. அக்கா தம் பாதையைத் தேடத் தொடங்கும்போது, இருவருக்கும் இடையே கணக்கு மறைந்து அன்பு மட்டுமே எஞ்சும்.